லோஜினி நின்ற இடம்

அத்தியாயம் பதினொன்று

தர்மிகனின் கலியாணம் முடிந்து மூன்று கிழமையாகிவிட்டது. ஆனாலும் புஸ்பராணியின் வீட்டில் அந்தக் கலியாணத்தைப் பற்றி யாரும் முழுதாகக் கதைத்து முடித்ததில்லை. பாதிக் கதையில் லோஜினியின் பெயர் வந்துவிடும். உடனே யாராவது தேத்தண்ணி போட எழும்பிப் போய்விடுவார்கள்.

மூத்தவள் லோஜினி ஒரு பையோடு மட்டக்களப்பிலிருந்து வந்து இறங்கியது தம்பி தர்மிகனின் கலியாணத்துக்கு முந்தின நாள். தாடையில் ஒரு வெந்த காயம். "கொதிதண்ணி பட்டிட்டுது" என்றாள் எல்லோரிடமும். தங்கை சிவரூபி கதவைச் சாத்திவிட்டு இரண்டாம் முறை கேட்டபோதுதான் மிச்சத்தைச் சொன்னாள். தண்ணீர் தானாகப் படவில்லை. புருஷன் ஊற்றியது. இனி அந்த வீட்டுக்குப் போவதில்லை.

தாய் புஸ்பராணி ஒன்றும் கேட்கவில்லை. மண்டபத்தில் மணமகளின் ஆட்கள் விசாரித்தபோது, "மூத்த மருமகன் கட்டாரில வேலை, லீவு கிடைக்கேல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை சிவரூபி இன்னும் மறக்கவில்லை. குடும்பப் படம் எடுக்கிற நேரம், பின்னால் ஒதுங்கப் போன அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்து தாய்க்குப் பக்கத்தில் நிறுத்தியது அவள்தான்.

அந்தப் படம்தான் இன்றைக்குப் பிரச்சினையாகப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சம்மந்தி வீட்டார் கப்பல்துறையிலிருந்து முதன்முதலாகச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் வருவதற்குள் குடும்பப் படம் ஹோலில் தொங்க வேண்டும் என்பது புஸ்பராணியின் கட்டளை. உள்துறைமுக வீதியில் சிவரூபியும் புருஷன் யுகேந்திரனும் நடத்துகிற ஸ்ரூடியோவுக்குப் பக்கத்துக் கடைதான் முனீப்பின் பிரேம் கடை. காலையிலேயே அவர் படத்துக்குச் சட்டம் போட்டு, தாளில் சுற்றிக் கொண்டுவந்து ஸ்ரூடியோ மேசையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

இந்தப் படத்தைத் திருத்தியது யுகேந்திரன். சிவரூபி ஒரு பூப்புனித நீராட்டு அல்பத்தில் மாட்டுப்பட்டிருந்ததால், "வீட்டுப் படத்தை நான் பாக்கிறன், நீர் அந்த அல்பத்தை முடியும்" என்று அவனே வாங்கிக்கொண்டான். அவளுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

சட்டத்தில் கீறல் இருக்கிறதோ என்று பார்க்கத்தான் தாளை விலக்கினாள்.

மாப்பிள்ளை, பொம்பிளை. பெரியப்பா, சித்தி. தான். தாய். தாய்க்குப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு.

சிவரூபி தாளை முழுதாகக் கிழித்தாள்.

மண்டபத்தில் அந்தப் பக்கம் குத்துவிளக்கே இருக்கவில்லை. விளக்கு இருந்தது மற்றப் பக்கத்தில், மாப்பிள்ளைக்கு அருகில். படத்தில் அங்கேயும் ஒன்று இருந்தது. இரண்டு விளக்கிலும் சுடர் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டிலும் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்தில் ஒரே இடத்தில் ஒரு பூ வாடியிருந்தது. விளக்கைப் பிரதி எடுத்து, திரைச்சீலையை நீட்டிப் பூசி, லோஜினி நின்ற இடத்தை மூடியிருக்கிறார்கள். வெளியாள் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். நல்ல வேலை.

யுகேந்திரன் உள் அறையில் கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இதை ஆர் செய்தது?"

அவன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நான்தான்."

"ஆர் சொல்லி?"

"ரூபி, இண்டைக்கு ஒரு நாள் பொறும். சாப்பாடு முடிஞ்சு அவையள் போகட்டும். பின்னேரம் கதைப்பம்."

"அம்மா சொன்னவவோ?"

 மூடியை எடுத்துக் கமராவில் மாட்டினான். அந்த மௌனமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கலியாணம் செய்த புதிதில் யுகேந்திரன் எல்லாவற்றையும் மவுசால்தான் செய்வான். மேலே மெனுவைத் திறந்து, கீழே இறங்கி, பக்கத்தில் விரிகிற பட்டியலில் தேடி, பிழையாக அமத்தி, திரும்ப மேலே போய்... ஒரு முகத்துக்கு அரை நாள். கொழும்பில் அல்பம் செய்கிற இடமொன்றில் வேலை பழகி வந்தவள் சிவரூபி. பொறுக்க முடியாமல் ஒருநாள் அவன் இடது கையைப் பிடித்துக் கீபோட்டில் வைத்தாள்.

"இந்தக் கை இஞ்சயே இருக்கட்டும். எஸ் தட்டினா ஒரு இடத்தில இருக்கிறதை எடுத்து மற்ற இடத்தில பூசலாம். ஜே தட்டினா தழும்பு மறையும். இந்த ரெண்டு அடைப்புக்குறியும் பிரஷ்ஷைப் பெருசாக்க, சிறுசாக்க. ஸ்பேஸை அமத்திப் பிடிச்சா படத்தை இழுத்துக்கொண்டு திரியலாம். கொன்ட்ரோலும் ஜேயும் சேத்துத் தட்டினா படத்துக்கு ஒரு பிரதி வரும். அதைத் தட்டாமல் ஒரு வேலையும் தொடங்கக்கூடாது. அசலில கை வைக்கக்கூடாது."

அவன் விரல்கள் எழுத்துகளில் தடுமாற, அவள் மேலே கையை வைத்து அமத்துவாள். அந்த மாதம் முழுக்கக் கடையில் சிரிப்பாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு ஓடர்கள் குவியத் தொடங்கின.

"மெனுவைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில இதைச் செய்திருந்தா உங்களுக்கு ரெண்டு நாள் எடுத்திருக்கும்" என்றாள் சிவரூபி. குரல் உயரவில்லை. "அந்த ரெண்டு நாளில ஒருக்காவாவது கை கூசியிருக்கும். இப்ப எவ்வளவு நேரம் எடுத்தது?"

"ரூபி..."

"சொல்லுங்கோ. எவ்வளவு நேரம்?"

"கன நேரம் எடுக்கேல்ல."

"எடுக்காது. நான்தானே பழக்கினனான்."

அவன் கதிரையை விட்டு எழும்பினான். முன்பக்கம் போய்க் கடை வாசலில் நின்றான். சிவரூபி அந்தக் கதிரையை இழுத்துக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள்.

கோப்பைத் திறந்தாள். பழக்கதோஷத்தில் விரல் கொன்ட்ரோல் இஸட்டைத் தேடிப் போனது. ஒன்றும் நடக்கவில்லை. சேமித்து மூடிய கோப்பில் செய்ததைப் பின்னோக்கி அழிக்க ஏலாது. பக்கத்தில், படத்தின் பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற அடுக்குகளைப் பார்த்தாள். இரண்டு இருந்தன. மேல் அடுக்குக்கு எதிரே இருந்த சின்னக் கண் அடையாளத்தை அமத்தினாள். குத்துவிளக்கு போனது. தாய்க்குப் பக்கத்தில், மாம்பழ நிறச் சேலையில், கைகளைக் கோத்துக்கொண்டு லோஜினி நின்றாள்.

பிரதி எடுத்துத்தான் வேலை தொடங்கியிருக்கிறான். அசலில் கை வைக்கவில்லை. அவள் சொல்லிக் கொடுத்த ஒன்றையும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கைக்கொண்டுதான் அவள் அக்காவை இல்லாமல் ஆக்கியிருக்கிறான். 

அசல் அப்படியே கிடந்தது. நிறமும் சரியில்லை, வெளிச்சமும் சரியில்லை. எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். சம்மந்தி வீட்டார் வர இன்னும் நேரமிருந்தது. அவளுக்கு மெனுவைத் தேடுகிற வேலை இல்லை.

கொன்ட்ரோல் ஜே. புதுப் பிரதி. கொன்ட்ரோல் எம் தட்டி வளைகோட்டைப் பிடித்து இழுத்து, மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தை அடக்கினாள். கொன்ட்ரோல் யூ. தர்மிகனின் வேட்டி வெள்ளையானது. ஸ்பேஸை அமத்தியபடி முகம் முகமாக நகர்ந்தாள். ஜே. பெரியப்பாவின் நெற்றியில் வியர்வை போனது. அடைப்புக்குறியால் பிரஷ்ஷைச் சிறிதாக்கித் தர்மிகனின் கன்னத்துப் பருவை எடுத்தாள். பொம்பிளை அனுஷியாவின் மூக்கோரத்து மினுக்கம். தாயின் கண்ணுக்குக் கீழ் கறுப்பு. கோபத்தில் இருக்கிற கைக்கு அன்றைக்கு ஒரு விசையும் பிழைக்கவில்லை.

கடைசியாக லோஜினி.

பிரஷ்ஷின் வட்டம் அவள் தாடைக்கு மேலே போய் நின்றது. காயத்தின் அளவுக்கு அளவெடுத்தது போல் இருந்தது. ஒரு தட்டு. அவ்வளவுதான் வேண்டும். கடைக்கு வருகிற எவருக்கும் கேளாமலே செய்து கொடுக்கிற வேலை.

சிவரூபி விரலை எடுத்தாள்.

ஊற்றியவன் கட்டாரில் இருக்கிறான் என்று அம்மா சொல்லிவிட்டா. காயப்பட்டவள் படத்தில் இல்லை என்று புருஷன் செய்துவிட்டான். காயத்தையும் தானே அழித்துவிட்டால், அப்படியொன்று நடந்தது என்பதற்கு உலகத்தில் என்ன மிச்சம்?

கொன்ட்ரோல் எஸ். சேமித்தாள். பிறகு கொன்ட்ரோல் பீ. பெரிய பிரிண்டர் உறுமத் தொடங்கியது.

ஈரம் காய்ந்ததும் படத்தைச் சுருட்டி முனீப்பிடம் கொண்டுபோனாள். அவர் சட்டத்தைக் கழற்றிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். இரண்டையும் பார்த்தார்.

"இதில ஒரு ஆள் கூடுதலா நிக்கிறாங்களே, தங்கச்சி."

"கூடுதல் இல்லை, முனீப் நானா. மற்றதில ஒரு ஆள் குறைஞ்சு போச்சு."

அவர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். வாசலில் நின்ற யுகேந்திரன், "நானும் வாறன், பைக்கில ஏறும்" என்றான். சிவரூபி ஓட்டோவை மறித்து ஏறிக்கொண்டாள். மடியில் படத்தை நிமிர்த்திப் பிடித்திருந்ததால் வழியில் துறைமுகமும் தெரியவில்லை, ஊருக்குள் திரிந்து வீதியோரம் படுத்திருந்த மான்களும் தெரியவில்லை. தன் கோபத்தோடு மட்டும் தாய் வீடு இருக்கிற உப்புவெளி வரைக்கும் போனாள்.

வீடு முழுக்க நண்டுக்கறி மணத்தது. லோஜினி குசினியில் மாவில் தோய்த்து மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். புஸ்பராணி புதுச் சேலையில் ஹோலில் கதிரைகளை இழுத்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். ஆணி ஏற்கெனவே அடித்திருந்தது.

"கொண்டுவந்திட்டியோ? நல்லது பிள்ளை. கொழுவு, கொழுவு. அவையள் வெளிக்கிட்டிட்டினம்."

சிவரூபி கதிரையில் ஏறிப் படத்தைக் கொழுவிவிட்டு இறங்கினாள். புஸ்பராணி சிரித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

"இது இல்லையே."

"எது இல்லை?"

"மருமகன் போனில அனுப்பிக் காட்டின படம் இது இல்லை."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

புஸ்பராணி திரும்பிக் கதிரையொன்றை நேராக்கினாள்.

"பெத்த பிள்ளையை அழிச்சுத் தரச்சொல்லி மருமகனிட்டக் கேக்க உங்களுக்கு எப்பிடி அம்மா வாய் வந்தது? அவள் என்ன களவெடுத்தவளோ? சுடுதண்ணி ஊத்தினவனுக்கு ஒரு வெக்கமும் இல்லை. அவன் ரோட்டில தலை நிமித்தித் திரியிறான். இவள் மட்டும் வீட்டுச் சுவரிலகூட நிக்கக்கூடாதோ?"

"நான் கேக்கேல்ல."

"பொய் சொல்லாதீங்கோ. கட்டாரில எண்டு சொன்ன வாய்தானே."

"அவ கேக்கேல்ல, ரூபி."

குசினி வாசலில் லோஜினி நின்றாள். கையில் எண்ணெய்க் கரண்டி.

"நான்தான் கேட்டனான்."

சிவரூபிக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. அக்காவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீயோ?"

"ஓம். யுகேந்திரன் மாட்டன் எண்டுதான் சொன்னவர். நான் அழுதனான். உனக்குச் சொல்லக்கூடாது எண்டு சத்தியமும் வாங்கினனான். உன்னட்டக் கேட்டா நீ சண்டைக்கு வருவாய் எண்டு தெரியும்."

"ஏன் அக்கா?"

லோஜினி கரண்டியை ஒரு தட்டில் வைத்தாள். "படத்தில நான் நிண்டா, வாற ஆக்கள் எல்லாரும் இது ஆர், இவவின்ர அவர் எங்க எண்டு கேப்பினம். அம்மா கட்டார் எண்டுவா. நான் பக்கத்தில நிண்டு ஓம் எண்டு தலையாட்டோணும். ஒருக்கா ஆட்டினனான், மண்டபத்தில. அண்டைக்கு ராவு எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல. இனி ஆட்ட ஏலாது. நான் படத்தில இல்லாட்டிக் கேள்வியும் வராதெல்லோ."

காலையிலிருந்து சுமந்து வந்த கோபத்தை எங்கே இறக்குவதென்று சிவரூபிக்குத் தெரியவில்லை. புருஷன் மேல் இறக்கியாகிவிட்டது. அது பிழையான இடம். ஆனால் கோபம் பிழையில்லை. அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"சரி. கேட்டது அக்கா" என்றாள் தாயிடம். "அந்தப் படம் போனில வந்த உடன நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

புஸ்பராணி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"வடிவா இருக்கு எண்டு எழுதினவ" என்றாள் லோஜினி. "யுகேந்திரன் எனக்குக் காட்டினவர்."



"நான் என்ன செய்ய?" புஸ்பராணியின் குரல் உடைந்தது. "தர்மிகன் இந்தக் கலியாணத்துக்கு எவ்வளவு பாடுபட்டவன். போய் அவையளின்ர வீட்டில இருக்கிறவன். அக்காக்காரி புருஷனை விட்டிட்டு வந்தவள் எண்டு ஒரு சொல்லு விழுந்தா, தினம் தினம் அவன்தானே கேக்கோணும். ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளையை... நான் தாயெண்டு இருந்து என்னத்தைக் கண்டன்?"

யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. லோஜினி படத்துக்குக் கிட்டப் போனாள். கண்ணாடிக்குள் தெரிந்த தன் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"எல்லாருக்கும் அழிச்சிருக்கிறாய். அம்மாவின்ர கண்ணுக்குக் கீழ கறுப்புக்கூட இல்லை. இதை ஏன் விட்டனீ?"

"கை போகேல்ல, அக்கா." சிவரூபி தயங்கினாள். காலையில் அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை. "நானும் உன்னட்டக் கேக்கேல்லத்தான். உனக்கு வேண்டாமெண்டா இப்பவே கழட்டிக்கொண்டு போறன். ஆனா உனக்கு வேண்டாமெண்டு சொல்லு. அம்மாவுக்காகச் சொல்லாத."

வெளியே சம்மந்தி வீட்டாரின் வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு இழுபட்டது. தர்மிகனின் குரல். அதற்குப் பின்னால் யுகேந்திரனின் பைக்.

புஸ்பராணி பதறிப்போய்ப் படத்தைக் கழற்றக் கதிரையை இழுத்தாள்.

"விடுங்கோ அம்மா" என்றாள் லோஜினி.

"பிள்ளை, இண்டைக்கு மட்டும்..."

"இருக்கட்டும்."

சம்மந்தி சிவகுருநாதன் உயரமான மனிதர். வாசலில் குனிந்து உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி, கையில் பழத்தட்டு. அதற்குப் பின்னால் தர்மிகனும் அனுஷியாவும். வாங்கோ, இருங்கோ என்ற சத்தம் அடங்கியதும் சிவகுருநாதன் சுவரைப் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கிறீங்கள். எல்லாரும் வடிவா விழுந்திருக்கினம்." அவர் பார்வை படத்தில் ஓரிடத்தில் நின்றது. பிறகு குசினி வாசலில் நின்ற லோஜினியிடம் வந்தது.

புஸ்பராணி முந்திக்கொண்டாள். "எங்கட மூத்தவள். மருமகன்தான் கட்டாரில..."

"அவர் கட்டாரில இல்லை, மாமா." லோஜினி முன்னுக்கு வந்தாள். "மட்டக்களப்பிலதான் இருக்கிறார். நான்தான் விட்டிட்டு வந்தனான். இந்தக் காயம் அவர் செய்தது."

புஸ்பராணி கண்ணை மூடிக்கொண்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த யுகேந்திரன் அப்படியே நின்றான். சிவரூபி அவனைப் பார்த்தாள். அவனிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியதும் அதில் இருந்தது, திட்ட வேண்டியதும் இருந்தது.

சிவகுருநாதனின் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. மெல்லக் கதிரையில் இருந்தார்.

"தெரியும், பிள்ளை."

"எப்பிடித் தெரியும்?" இது தர்மிகன்.

"வியாழக்கிழமை அவர் எங்கட வீட்டை வந்தவர்."

"அத்தானோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"நீங்கள் வேலைக்குப் போயிருந்தனீங்கள், தம்பி. வந்த இடத்தில உங்களுக்குச் சங்கடமா இருக்கக்கூடாது எண்டுதான் சொல்லேல்ல." சிவகுருநாதன் கையை ஆட்டினார். "இதுகளைச் சாப்பிட்டிட்டுக் கதைப்பம்."

"ஓம் ஓம், கறி ஆறப்போகுது" என்றாள் புஸ்பராணி.

"ஆறட்டும்."

லோஜினி ஒரு கதிரையை இழுத்துச் சிவகுருநாதனுக்கு நேரெதிரே போட்டு இருந்தாள். கையில் இன்னும் மா ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை.

"அவர் என்னைப் பற்றி என்ன சொன்னவர், மாமா? எனக்கு முன்னால சொல்லுங்கோ. பைத்தியம் எண்டு சொன்னவரோ? இல்லாட்டி அதைவிட மோசமாவோ? பயப்பிடாமல் சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

சிவகுருநாதன் மனைவியைப் பார்த்தார். மனைவி பழத்தட்டைப் பார்த்தாள். குசினிக்குப் போகத் திரும்பிய புஸ்பராணி போகவில்லை. லோஜினியின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

புதுப் பொம்பிளை அனுஷியா முன்னுக்கு வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அது வெட்கத்தில் வந்த சிவப்பு இல்லை என்று சிவரூபிக்கு உடனே தெரிந்தது.

"அப்பா, நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

"அனு, நீ சும்மா இரு."

"மூண்டு நாளா சும்மாதானே இருந்தனான்." அனுஷியா லோஜினிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அவர் தனிய வரேல்ல, மச்சாள். உங்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போறதுக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தவர். உங்களை அனுப்பி வைக்கிறன் எண்டு எங்கட அப்பா அந்த ஆளுக்கு வாக்குக் குடுத்திட்டார்."